திருகோணமலை வீட்டில் சோலரும் பற்றரியும்: மின் இணைப்போடு சேர்ப்பதற்கு முழுமையான வழிகாட்டி

கூரையில் பனல் பூட்டிவிட்டால் இனி இருட்டே இல்லை என்று நம்பித்தான் நம் ஊரில் அநேகம் பேர் காசைக் கட்டுகிறார்கள். உண்மை வேறு. பற்றரி இல்லாத சாதாரண சோலர் அமைப்பு, வீதியில் கரண்ட் நின்ற மறுகணம் தானும் நின்றுவிடும். நடு மத்தியான வெயில் கொளுத்தினாலும் வீட்டுக்குள் மின்விசிறி சுற்றாது.

இது பழுதல்ல. வீதிக் கம்பத்தில் ஏறும் ஊழியர் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் கூரையிலிருந்து 230 வோல்ட் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். அதனால்தான் வீதி இணைப்பு அறுந்ததும் இரண்டு செக்கனுக்குள் இன்வேட்டர் (பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று ஐ.இ.சி. 62116 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. கரண்ட் போன பிறகும் வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியையும் சேர்த்து ஓட்டக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் வேண்டும். அவற்றை முறையாகப் பிரித்து வயர் பண்ணவும் வேண்டும்.

ஆகவே கூரையில் எத்தனை பனல் பிடிக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். இரவில் உங்கள் வீடு என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

படி 1: இரவைக் கணக்கிடுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, மாலை ஆறரைக்கும் காலை ஆறுக்கும் இடையில் ஓடும் சாமான்களை எழுதுங்கள். உவர்மலையிலோ உப்புவெளியிலோ உள்ள ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். மாலையில் நான்கு மின்விசிறி, ஒவ்வொன்றும் 60 வாட். எல்.ஈ.டி. விளக்குகள் எல்லாமாக 60 வாட். தொலைக்காட்சி 80. பிரிட்ஜ் சராசரியாக 50, வைஃபை 15. கூட்டினால் 445 வாட். பதினொன்றரை மணிவரை ஐந்து மணிநேரம் ஓடினால் இரண்டேகால் யுனிட் வரும். அதன்பின் மூன்று மின்விசிறி, பிரிட்ஜ், வைஃபை மட்டும் விடியும்வரை ஓடினால் இன்னும் ஒன்றரை யுனிட்டுக்குச் சற்று மேல். மொத்தம் ஏறத்தாழ நான்கு யுனிட்.

இப்போது பற்றரியைப் பாருங்கள். சந்தையில் அதிகம் கிடைப்பது 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி. அதன் கொள்ளளவு 5.12 யுனிட். அடிவரை வறட்டாமல் 90 வீதம் எடுத்து, இன்வேட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் கையில் வருவது நாலேகால் யுனிட் அளவு. மேலே சொன்ன வீட்டுக்கு ஒரு பற்றரி சரியாகப் போதும்.

ஏசி வந்தால் கணக்கு தலைகீழாகும். ஒரு தொன் இன்வேட்டர் ஏசி, அறை குளிர்ந்தபின்னும் 600 வாட் அளவில் இழுத்தால் எட்டு மணிநேரத்தில் ஐந்து யுனிட்டை அது மட்டுமே தின்றுவிடும். அதற்கு இரண்டாவது பற்றரி வேண்டும், அல்லது கரண்ட் இல்லாத இரவில் ஏசி இல்லாமல் படுக்கச் சம்மதிக்க வேண்டும். ஏசி இல்லாமல் படுப்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். கரண்ட் இல்லாத சில இரவுகளுக்காக லட்சக்கணக்கில் காசை முடக்குவதைவிட அந்தக் காசுக்கு வீட்டில் வேறு தேவை இருக்கும்.

கிணற்று மோட்டரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது இழுப்பது ஒரு கிலோவாட் அளவுதான். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். சின்ன ஹைபிரிட் இன்வேட்டர் அந்த அடியில் நின்றுவிடும். மோட்டரைப் பகலில் வீதி இணைப்பில் ஓட்டித் தாங்கியை நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: கரண்ட் பில்லைப் படியுங்கள், திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடைசிப் பன்னிரண்டு மாதப் பில்களை எடுத்து யுனிட்டைக் கூட்டிச் சராசரி பாருங்கள். திருகோணமலை வெயிலில் ஒரு கிலோவாட் பனல், வருடம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால், நாளொன்றுக்கு நான்கு யுனிட் அளவில் தரும். மாதம் 120 யுனிட். மாதம் 300 யுனிட் எரிக்கும் வீட்டுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோவாட் போதும். ஐந்து கிலோவாட்டுக்குக் குறைய நாங்கள் பூட்டுவதில்லை என்று ஒரு கொம்பனி சொன்னால் அடுத்த கொம்பனியிடம் போங்கள்.

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யுனிட்டைத் தாண்டியவருக்கு 90, 120, 180 என்று படிகள். 180க்கு மேலே வரும் ஒவ்வொரு யுனிட்டும்தான் மிக விலை கூடியது. ஆகவே 180ஐத் தாண்டுகிறவருக்கு சோலர் விரைவில் கைகொடுக்கும். மாதம் 80 யுனிட் எரிக்கும் வீட்டில் சோலர் போட்ட காசைத் திருப்பி எடுக்க நெடுங்காலம் ஆகும். பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கமென்றால் அந்த வீட்டுக்கு நான் சோலரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

திட்டங்கள் மூன்று பெயரில் புழங்குகின்றன. நெட் மீற்றரிங்கில் நீங்கள் கொடுக்கும் யுனிட்டையும் எடுக்கும் யுனிட்டையும் கழிப்பார்கள். மிச்சம் இருந்தால் அடுத்த மாதக் கணக்கில் வரவாகச் சேரும், காசு வராது. நெட் அக்கவுன்டிங்கிலும் கழிப்பார்கள், ஆனால் மிச்சத்துக்குக் காசு வரும். நெட் பிளஸில் கூரையில் உற்பத்தியாவது முழுவதும் வேறு மீற்றர் வழியாக இலங்கை மின்சார சபைக்குப் போகும். வீட்டுப் பாவனைக்குப் பழையபடி பில் வரும்.

காசு தரும் திட்டங்கள் 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற பெயரில் வந்தன. அப்போது விலை முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபா, பிறகு 15.50 ரூபா. 2022இல் அது 37 ரூபாவாக ஏறியது. 2024இல் 27 ஆனது. 2025இல் இன்னும் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் விலை உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிக் கடன் எடுக்காதீர்கள். நீங்கள் உடன்படிக்கையில் கையொப்பமிடும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதுதான் உங்கள் விலை, உடன்படிக்கை 20 வருடத்துக்கு.

இங்கே பற்றரி விற்பவர்கள் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நெட் மீற்றரிங்கிலும் நெட் அக்கவுன்டிங்கிலும் பகலில் கொடுத்த யுனிட்டை இரவில் எடுத்த யுனிட்டோடு ஒன்றுக்கொன்றாகக் கழிக்கிறார்கள். அதாவது வீதிக் கம்பியே உங்களுக்குச் செலவில்லாத பற்றரி. அப்படியிருக்க, பகல் வெயிலைப் பற்றரியில் சேர்த்து இரவில் பாவிப்பதால் பில் குறைவதில்லை. சேர்த்து எடுப்பதில் போகும் இழப்பால் சற்றுக் கூடவும் செய்யும். இந்த இரண்டு திட்டங்களிலும் பற்றரியின் பயன் ஒன்றுதான்: கரண்ட் போனாலும் வீடு ஓடும். அது பெரிய பயன்தான். சுவாச இயந்திரத்தில் இருக்கும் முதியவரோ, குளிர் வேண்டிய இன்சுலினோ, இரவில் படிக்கும் பிள்ளையோ உள்ள வீட்டில் அதற்குக் காசு கொடுப்பது நியாயம். ஆனால் பில் குறையும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

கணக்கு மாறும் இடங்களும் இருக்கின்றன. மாலை உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து வீதிக்குக் கொடுக்கும் யுனிட்டுக்குப் பகல் விலையைவிடக் கூடிய விலை 2025இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் சேரும்போது பற்றரி தானே உழைக்கும். ட்ரான்ஸ்போமரில் இடமில்லாமல் வீதிக்கு மின்சாரம் கொடுக்க (ஏற்றுமதிக்கு) அனுமதி கிடைக்காத வீட்டிலும் பற்றரி உழைக்கும், ஏனென்றால் அங்கே மத்தியானத்தில் மிஞ்சுவதை வேறெங்கும் கொடுக்க முடியாது. நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் இணைப்பு உள்ளவர்களுக்கும் அப்படியே.

சபை ஏன் மாலையில் கூடுதலாகக் கொடுக்கத் தயாராகிறது? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டு ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. அன்று பகலில் மின்சாரத் தேவை குறைவு, சோலர் அதிகம், தடுமாற்றத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய மின்நிலையச் சுழலிகள் குறைவாக ஓடின. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலர்களைப் பகல் 3 மணிவரை நிறுத்திவைக்கும்படி சபை கேட்டது. மத்தியானத்தில் தேவைக்கு மிஞ்சுகிறது, மாலை ஆறரைக்குப் பிறகு போதாமல் இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவற்றில் ஒன்று பற்றரி.

படி 3: முற்பணத்துக்கு முன் அனுமதி

படிகளின் வரிசையை மாற்றி நட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் நட்டப்படுகிறார்கள். கொம்பனிக்கு முற்பணம் கட்டி, பனல் வந்து முற்றத்தில் கிடக்கும்போதுதான் உங்கள் ஒழுங்கை ட்ரான்ஸ்போமர் நிரம்பிவிட்டது என்ற பதில் வரும்.

ஒவ்வொரு ட்ரான்ஸ்போமரும் ஓரளவு சோலரைத்தான் தாங்கும். நம் வீதிகளில் நிற்பவற்றில் 100, 160 கிலோவோல்ட் அம்பியர் அளவுகள் சாதாரணம். அதில் ஏற்கெனவே யார் யார் எவ்வளவு இணைத்திருக்கிறார்கள் என்ற கணக்குப் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் இருக்கும். முதலில் அங்கே போங்கள். பில்லில் உள்ள கணக்கிலக்கத்தைக் கொடுத்து, இந்த ட்ரான்ஸ்போமரில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேளுங்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் கீழ் சபையைப் பல கொம்பனிகளாகப் பிரிக்கும் ஏற்பாடு இருப்பதால் கடிதத் தலைப்பில் பெயர் மாறக்கூடும். நீங்கள் தேட வேண்டியது உங்கள் பகுதிக்குப் பொறுப்பான அந்த அலுவலகத்தையே.

இணைப்பின் அளவையும் பாருங்கள். 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பென்றால் 230 வோல்ட்டில் 6.9 கிலோவோல்ட் அம்பியர்தான் மேல் எல்லை. ஒப்பந்த அளவைத் தாண்டி சோலர் இணைக்க முடியாது. திரீ பேஸ் ஆக்க வேண்டுமென்றால் அது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து போனவர்கள், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், காலமாகிவிட்ட தாத்தா என்று பில்லில் ஒரு பெயர், வீட்டில் வேறு ஆட்கள். இருபது வருட உடன்படிக்கையில் கணக்குக்காரர்தான் கையொப்பமிட வேண்டும், காசும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். அதற்கு உறுதி, மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம் என்று ஓட வேண்டிவரலாம். அதை முடித்துவிட்டு சோலருக்கு விண்ணப்பித்தால் பாதியில் நிற்காது.

கொம்பனியைத் தேர்ந்தெடுக்கும்போது, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். விண்ணப்பத்தோடு பில், அடையாள அட்டைப் பிரதி, இன்வேட்டர், பனல், பற்றரி ஆகியவற்றின் தரவுத்தாள், எது எதோடு இணைகிறது என்று காட்டும் ஒற்றைக்கோட்டு வரைபடம் போகும். வரைபடத்தில் பற்றரியைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். சோலரை மட்டும் காட்டி அனுமதி எடுத்துப் பற்றரியைப் பிறகு சத்தமில்லாமல் சேர்ப்பது நடக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் அந்த வரைபடம்தான் உங்களுக்கு எதிராக நிற்கும். ஒரு யுனிட்டும் வெளியே விடாதபடி அமைத்தாலும் வீதிக் கம்பியோடு சமாந்தரமாக ஓடும் எந்த இன்வேட்டருக்கும் அனுமதி வேண்டும்.

படி 4: கூரையும் உப்புக்காற்றும்

நாம் வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணி நடுவில் மீண்டும் உச்சிக்குத் திரும்புகிறது. ஆகவே தெற்கு முகம் நல்லது என்றாலும் கிழக்கோ மேற்கோ பார்த்த கூரையை ஒதுக்கத் தேவையில்லை. பாதி கிழக்கும் பாதி மேற்குமாகப் போட்டால் மத்தியான உச்சி தணிந்து காலையும் பின்னேரமும் நீளும், பற்றரி உள்ள வீட்டுக்கு அது உதவி. தட்டையான பிளேட் கூரையில் 10 பாகை சாய்வு கொடுங்கள். அதற்குக் குறைந்தால் மழை தூசியைக் கழுவாது.

திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாக இருப்பவர்கள் பனல் எந்த நாட்டுச் சாமான் என்பதைவிட ஆணியும் கிளாம்பும் எந்த உலோகம் என்பதைக் கவனியுங்கள். கல்வனைஸ் செய்த இரும்பு கடற்காற்றில் சில வருடத்தில் துருவோடும். அலுமினிய ரெயிலும், 316 தரத் துருவேறா உருக்கில் செய்த போல்ட்டும் கேளுங்கள். 304 தரம் மலிவு, ஆனால் கடலுக்குப் பக்கத்தில் அதுவும் பழுப்பேறும். பனலுக்கு உப்புப் புகார்ச் சோதனையான ஐ.இ.சி. 61701 சான்று உண்டா என்று தரவுத்தாளில் பாருங்கள்.

காற்றை மறக்காதீர்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. கூரையின் விளிம்பிலும் முகட்டிலும்தான் காற்று மேல்நோக்கி இழுக்கும். பனலை விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு அடி உள்ளே வையுங்கள். ஓட்டுக் கூரையில் கொளுக்கி ரீப்பையில் அல்ல, கைமரத்தில் ஏற வேண்டும். பனலும் ரெயிலும் சேர்ந்து சதுர மீற்றருக்கு 15 கிலோ வரை வரும். கைமரம் கறையான் பிடித்ததா என்று தச்சரைக் கொண்டு பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையில் சீற்றின் மேல் மிதிக்கக் கூடாது, பலகை போட்டு ஏற வேண்டும். துளைக்கும்போது தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத் துளைக்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் நிறைய உண்டு, ஆனால் சூடும் நிறைய. பனல் 65 பாகைக்குச் சூடேறினால் அதன் வலுவில் 14 வீதம் வரை போய்விடும். கூரைக்கும் பனலுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றோடி ஓரளவு தணியும். தென்னை ஓலை நிழல், தண்ணீர்த் தாங்கியின் நிழல் எங்கே விழுகிறது என்று காலை ஒன்பதுக்கும் பின்னேரம் மூன்றுக்கும் நேரில் நின்று பாருங்கள். தேங்காய் விழும் எல்லைக்குள் பனல் வேண்டவே வேண்டாம்.

படி 5: இன்வேட்டரும் பற்றரியும்

இன்று பற்றரிக்குக் காசு இல்லாவிட்டாலும் ஹைபிரிட் இன்வேட்டரையே வாங்குங்கள். பிறகு பற்றரியை மட்டும் சேர்த்தால் போதும். சாதாரண இன்வேட்டரை வாங்கினால் பிறகு பெரும்பாலும் இன்வேட்டரையே மாற்ற வேண்டிவரும்.

பற்றரி வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்காதீர்கள், தொடர்ந்து எத்தனை அம்பியர் தரும் என்று பாருங்கள். ஐந்து கிலோவாட் இன்வேட்டர் முழு வலுவில் ஓடினால் 51.2 வோல்ட் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 100 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர் மணிப் பற்றரிகள் பலவற்றில் தொடர்ந்து எடுக்கப் பரிந்துரைக்கும் அளவு 50 அம்பியர்தான். அப்படியென்றால் ஒற்றைப் பற்றரியில் இரண்டரைக் கிலோவாட்தான் வரும். இன்வேட்டரில் ஐந்து என்று எழுதியிருப்பதை நம்பி மைக்ரோவேவையும் கேத்தலையும் ஒன்றாகப் போட்டால் வீடு இருண்டுவிடும். இன்வேட்டரும் பற்றரியும் தரவுக் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் சோடிதானா என்று இரண்டு தயாரிப்பாளர்களின் பட்டியலிலும் பாருங்கள்.

லெட் அசிட் பற்றரி முதலில் மலிவாகத் தெரியும். அதில் பாதிக்கு மேல் வறட்டினால் ஆயுள் குறையும், நம் வெக்கையில் இன்னும் குறையும். தினமும் ஏற்றி இறக்கும் பாவனைக்கு லித்தியம் இரும்பு பொஸ்பேற்றைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

வைக்கும் இடம்: நிழல், காற்றோட்டம், படுக்கையறைக்கு வெளியே, வெளியேறும் வழியை மறிக்காமல். மாரியில் முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேலே சுவரில் தாங்கி அடித்து வையுங்கள். மேற்குச் சுவரின் வெளிப்பக்கம், தகரக் கொட்டில் இரண்டும் கூடாது.

படி 6: வயரிங்

மத்தியானத்தில் இன்வேட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் வோல்ட் ஏற்றம். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம். அதாவது மேல் எல்லை 243.8. கரண்டை வெளியே தள்ள வேண்டுமென்றால் இன்வேட்டர் தன் முனையில் வோல்ட்டைச் சற்று உயர்த்த வேண்டும். வயர் மெலிந்ததாகவும் நீண்டதாகவும் இருந்தால் அந்த உயர்வு கூடும்.

ஐந்து கிலோவாட்டுக்கு 21.7 அம்பியர். இன்வேட்டரிலிருந்து மீற்றர்வரை 30 மீற்றர், 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவும் வரவும் 60 மீற்றரில் தடை ஏறத்தாழ 0.28 ஓம். வோல்ட் ஆறு உயரும். வீதியில் ஏற்கெனவே 238 இருந்தால் இன்வேட்டர் 244ஐத் தொட்டு நின்றுவிடும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் உயர்வு இரண்டரைக்குள் அடங்கும், 16 போட்டால் ஒன்றரை. வயரில் மிச்சம்பிடிக்கும் சில ஆயிரம் ரூபா, வருடம் முழுக்க மத்தியான உற்பத்தியைத் தின்றுவிடும். முடிந்தால் இன்வேட்டரை மீற்றருக்குக் கிட்டவே பூட்டுங்கள்.

உங்கள் பக்க வயர் சரியாக இருந்தும் நின்றால் தவறு வீதிப் பக்கம். நீண்ட லைனின் கடைசி வீடாக இருக்கலாம். இன்வேட்டர் செயலியில் மத்தியான வோல்ட் வரைபடத்தைப் படமெடுத்துப் பொறியியலாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ட்ரான்ஸ்போமரில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டப்பை மாற்றுவதும், இணைப்பை வேறு பேஸுக்கு மாற்றுவதும் அவர்களால் முடியும். இன்வேட்டரின் எல்லையை 255, 260 என்று தானே உயர்த்திவிடும் வயர்மன்னை அனுமதிக்காதீர்கள். அந்த வோல்ட் உங்கள் பிரிட்ஜுக்கும் அடுத்த வீட்டுப் பிரிட்ஜுக்கும் போகும்.

கூரையிலிருந்து இறங்கும் டீசி (நேர் மின்னோட்ட) வயரைத் தனியாக எண்ணுங்கள். 550 வாட் பனல் பத்தைத் தொடராகக் கோத்தால் 500 வோல்ட் அளவில் வரும். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்த முடியாது. கழற்றினால் தீப்பொறி வளைந்து நிற்கும். ஆகவே டீசிக்கென்றே செய்த ஐசொலேட்டர் என்ற துண்டிப்புச் சுவிட்ச், சூரிய ஒளி தாங்கும் உறையுள்ள வயர், ஒரே தயாரிப்பின் எம்.சி.4 இணைப்பிகள். இரண்டு தயாரிப்பை ஒன்றோடொன்று பொருத்தினால் பொருந்தும், ஆனால் சில காலத்தில் சூடேறி உருகும். கூரைத் தீ விபத்துகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பனலின் டீசிப் பக்கமும் வீட்டு மின்சாரப் பக்கமும் இடி தடுப்பான் போடுங்கள்.

எர்த் விஷயத்தில் நிலாவெளி மணலும் உவர்மலைப் பாறையும் ஒன்றல்ல. காய்ந்த மணலில் நாலடிக் கம்பி அடித்துவிட்டுப் போனால் அது எர்த் அல்ல. ஈரம் தொடும் ஆழம்வரை போக வேண்டும், தேவையென்றால் இரண்டு மூன்று கம்பியை இணைக்க வேண்டும். அடித்தபின் மீற்றர் வைத்து அளந்த எண்ணை எழுதி வாங்குங்கள், அதுவும் கோடையில் அளந்ததாக இருக்கட்டும்.

கடைசியாக பற்றரி ஓட்டும் சாமான்கள். படி 1இல் எழுதிய பட்டியலில் உள்ள விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜ், வைஃபை ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு பிரேக்கர் பெட்டி வையுங்கள். அது இன்வேட்டரில் பக்கப் (backup) என்று எழுதியிருக்கும் முனையோடு மட்டுமே சேரும். அந்தப் பெட்டியின் நியூட்ரல் பழைய பெட்டியின் நியூட்ரலோடு எங்கும் கலக்கக் கூடாது, கலந்தால் ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். வீதி இணைப்பு அறுந்ததும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் உள்ள தொடுப்பும் அறுந்துபோகும். அந்த நேரத்தில் இன்வேட்டர் தானே அதைத் தொடுக்கிறதா, ரிலே ஒன்று தனியாகப் போட வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். இதைச் செய்யாவிட்டால் பற்றரியில் ஓடும்போது ட்ரிப் சுவிட்ச் உயிரைக் காக்காது. இந்தப் பெட்டிக்குத் தனியாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும்.

2022இல் பதின்மூன்று மணிநேரம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் வாங்கிய ஜெனரேட்டர் பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. அதை பக்கப் முனையில் சேர்த்தால் இன்வேட்டர் எரியும், வீதி முனையில் சேர்த்தால் ஆள் சாவார். இன்வேட்டரில் ஜெனரேட்டருக்கென்று தனி முனை இருந்தால் மட்டும், அல்லது கையால் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாக மட்டும்.

படி 7: சோதனையும் மீற்றரும்

வேலை முடிந்ததும் கொம்பனி சோதனை அறிக்கை தரும், சபையிலிருந்து வந்து பார்த்து இரண்டு பக்கமும் எண்ணும் மீற்றரைப் பூட்டுவார்கள். அதுவரை அமைப்பை ஓடவிடாதீர்கள். பழைய மீற்றர்கள் சிலவற்றில் வெளியே போகும் யுனிட்டும் பாவனையாக எண்ணப்பட்டு பில் ஏறும்.

அவர்கள் நிற்கும்போதே, நல்ல வெயிலில், மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். இன்வேட்டரின் வீதிப் பக்க முனையில் வோல்ட் பூச்சியமாக வேண்டும். பக்கப் பெட்டி ஓட வேண்டும். பக்கப் பெட்டியில் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். திரும்ப மெயினைப் போட்டால் இன்வேட்டர் உடனே சேராமல் சற்று நேரம் வீதியைக் கவனித்துவிட்டுச் சேரும், அதுதான் சரி. பிறகு வீட்டில் கேத்தலைப் போட்டு, செயலியில் பாவனை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏற வேண்டியது இறங்கினால், கரண்ட் அளக்கும் சி.டி. வளையம் தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறது. இந்தச் சின்னப் பிழையால் பற்றரி வீதியிலிருந்து ஏறி வீதிக்கே இறங்கும், பல மாதம் யாருக்கும் தெரியாது.

படி 8: பருவத்துக்கேற்ற அமைப்பு

இன்வேட்டரில் நேரம் இலங்கை நேரமா என்று முதலில் பாருங்கள். உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. மாலை ஏற்றுமதித் திட்டத்தில் இருந்தால் இறக்கும் நேரத்தை அதற்குள் வையுங்கள், வீதியிலிருந்து பற்றரியை ஏற்றும் தெரிவை மூடிவிடுங்கள்.

கோடையில் பற்றரியில் 20 வீதம் மிச்சம் விட்டால் போதும். ஐப்பசி பிறந்து வாடை மழை தொடங்கியதும் மிச்சத்தை 50 ஆக்குங்கள். அந்த மாதங்களில் உற்பத்தி குறையும், கரண்ட் போகும் வாய்ப்பும் கூடும். புயல் எச்சரிக்கை வந்தால் 100 ஆக்கி, வீதியிலிருந்து ஏற்றும் தெரிவையும் தற்காலிகமாகத் திறந்து நிரப்பிவிட வேண்டும். கரையோரத்தில் புயல் கடந்தபின், கூரையில் ஏறாமல் கீழிருந்தே ரெயிலையும் கிளாம்பையும் பாருங்கள். பனல் விரிசல் விட்டிருந்தால் டீசி ஐசொலேட்டரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கழுவுவது கோடையில் மாதம் ஒருமுறை, விடியற்காலையில், குழாய்த் தண்ணீரில். கரையோரக் கிணற்று உவர்நீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும், அது தூசியைவிட மோசம். சூடான பனலில் குளிர்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். வருடம் ஒருமுறை, மாரிக்கு முன் புரட்டாதியில், போல்ட்டுகளை இறுக்கி, டீசி இணைப்பிகளைப் பார்த்து, இடி தடுப்பானின் பச்சை அடையாளம் சிவப்பாகியிருந்தால் மாற்றுங்கள். எர்த்தையும் அதே நாளில் அளந்து பழைய எண்ணின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.